வாட்ஸ்அப் கம்யூனிட்டி: குழு பெருத்தபின் குடிபோகத் தகுந்த வீடா?

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். 2016இல் 256 ஆக இருந்த வரம்பு 2022இல் 512 ஆகி, அதே ஆண்டு நவம்பரில் 1,024 ஆனது. எண்ணைப் பார்த்தால் தாராளம்தான். ஆனால் சிங்கப்பூரின் செங்காங், பொங்கோல், ஈசூன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் வைத்திருக்கும் குழுக்களைத் திறந்து பாருங்கள். இருநூறைத் தாண்டியதுமே மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். காலை ஆறரைக்கு ரோஜாப்பூ வைத்த வணக்கப் படங்கள். அவற்றுக்குக் கீழே, “இந்தத் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லித் தருகிறார்களா?” என்று ஒரு தாயின் கேள்வி. பதில் வருவதற்குள் முறுக்கு ஆர்டர், அறை வாடகை, தமிழ்நாட்டுத் தேர்தல் காணொளி என்று நாற்பது செய்திகள் கடந்துபோயிருக்கும். மறுநாள் அதே கேள்வியை இன்னொருவர் கேட்பார். பதில் தெரிந்த பழைய ஆள் அதற்குள் குழுவை மௌனத்தில் போட்டிருப்பார்.

இப்படித் திணறும் குழுக்களுக்காக 2022 நவம்பரில் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் திறந்துவிட்ட வசதிதான் ‘கம்யூனிட்டி’. பல குழுக்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது அதன் வேலை. கட்டணம் இல்லை, புதுச் செயலி எதையும் இறக்கத் தேவையில்லை. 200 முதல் 1,000 பேர் வரை வளர்ந்துவிட்ட சிங்கப்பூர்த் தமிழ்க் குழு ஒன்று அங்கே குடிபோகலாமா, போனால் எது கெடும், எந்த இடத்தில் டெலிகிராம் மேல் என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அறிவிப்புக்கு அருமை. ஞாபகசக்தி சுத்தமாகக் கிடையாது. தனியுரிமையில் பாதி மதிப்பெண். வசதியை இயக்க ஒரு நிமிடம் போதும். ஆட்களைக் கலையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஆறு வாரம் வேண்டும். அந்த ஆறு வார வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிக்கப் பார்க்கும் குழுக்கள்தான் நடுவழியில் முறிகின்றன.

கூரையும் அறைகளும்

கம்யூனிட்டியின் உச்சியில் அறிவிப்புக் குழு ஒன்று தானாக உருவாகும். அதில் நிர்வாகிகள் மட்டுமே புதுச் செய்தி போட முடியும். கூரைக்குள் வரும் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். அதன்கீழ் உள்குழுக்கள்: பள்ளிப் பெற்றோர், வாங்கல் விற்றல், வாடகை, தொண்டூழியம் என்று எதுவும் இருக்கலாம். தொடங்கியபோதே 50 குழுக்கள் வரை இடம் கொடுத்தார்கள். அந்த 50 ஒரு பொறி. அதற்குப் பிறகு வருவோம்.

அறிவிப்புக் குழுவின் பெரிய நன்மை, உறுப்பினரின் கைப்பேசி எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது என்பது. நிர்வாகிகளுக்கும், ஏற்கனவே அந்த எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் உள்குழு ஒன்றில் கால் வைத்த கணமே அங்குள்ள அத்தனை பேருக்கும் எண் தெரிந்துவிடும். இந்த வேறுபாட்டை நிர்வாகிகளே பல நேரம் கவனிப்பதில்லை. “கம்யூனிட்டியில் எண் மறைந்திருக்கும்” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நம்பி வாடகைக் குழுவில் சேரும் பெண்ணுக்கு அன்று இரவே முன்பின் தெரியாதவர்களின் தனிச்செய்தி வரத் தொடங்கும். வாடகை, விற்பனை, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் உள்குழு திறக்கும் முன் இதைத் தெளிவாக எழுதிச் சொல்லியே ஆகவேண்டும். அல்லது உள்குழுவே வேண்டாமென்று வைத்து, விளம்பரத்தை நிர்வாகியிடம் தந்தால் அவர் வாரம் ஒருமுறை தொகுத்து அறிவிப்பில் போடுவது என்று ஏற்பாடு செய்யலாம். வேலை கூடும்தான், தொல்லை அடியோடு குறையும்.

கட்டமைப்பில் இன்னும் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். முதலாவது, இருக்கும் பழைய குழுவைக் கம்யூனிட்டியோடு இணைத்தால் அதில் உள்ள அனைவரும் கேட்காமலேயே உள்ளே வந்துவிடுவார்கள். அவர்கள் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முளைக்கும். இரண்டாவது, கம்யூனிட்டியைக் கலைத்தால் உள்குழுக்கள் தனித்தனியே பிழைத்திருக்கும், ஆனால் கூரையையும் அறிவிப்புக் குழுவையும் மீட்க முடியாது. கலைத்தது கலைத்ததுதான். “சும்மா அழுத்திப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்” என்பது இங்கே நடக்காது.

முதலில் எண்ணுங்கள், பிறகு பிரியுங்கள்

எத்தனை உள்குழுக்கள் வேண்டும் என்பதை நிர்வாகிகள் வட்டமேசை போட்டு முடிவு செய்வதுதான் வழக்கம். பெருந்தவறும் அதுதான். குழுச் செய்திகளை ஏற்றுமதி செய்து, கடைசி இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐபோனில் குழுவின் தகவல் பக்கத்திலும், ஆண்ட்ராய்டில் உரையாடலின் மேல்மூலைப் பட்டியிலும் அந்த வசதி இருக்கிறது, படங்கள் இல்லாமல் எடுத்தால் வெறும் எழுத்துக் கோப்பாக வரும். குழுவில் யாராவது மேம்பட்ட தனியுரிமை அமைப்பை இயக்கியிருந்தால் ஏற்றுமதி நடக்காது. அதை முதலில் அணைக்கச் சொல்ல வேண்டும். கோப்பிலிருந்து 300 செய்திகளை எடுத்து ஐந்து குவியலாகப் பிரியுங்கள்: தகவல் கேட்பது, பதில், விற்பனை, வாழ்த்தும் பகிர்வும், சச்சரவு. ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

பொதுவாக இரண்டு உண்மைகள் பல்லிளிக்கும். ஒன்று, இரைச்சல் என்று எல்லாரும் குறைப்படுவதில் பெரும்பகுதியை அனுப்புவோர் பத்துப் பதினைந்து பேர்தான். இணையச் சமூகங்களில் நூற்றில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் சொன்ன தோராயக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். அந்தப் பத்துப் பேருக்குத் தனியாகப் போக ஓர் இடம் கொடுத்தாலே மீதிப்பேர் நிம்மதியாக இருப்பார்கள். இன்னொன்று, தகவல் கேட்கும் குவியலில் ஒரே ஏழெட்டுக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கு உள்குழு மருந்தல்ல; ஒரே ஒரு ஆவணம்தான் மருந்து.

ஒரு குவியல் மொத்தச் செய்திகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டால் மட்டும் அதற்கு உள்குழு கொடுங்கள். நான்கு உள்குழுக்களுக்குமேல் தொடக்கத்தில் வேண்டாம். இடம் நிறைய இருக்கிறதே என்று பரதநாட்டிய வகுப்புக்கு ஒன்று, பூப்பந்துக்கு ஒன்று, மதுரைக்காரர்களுக்கு ஒன்று, கோவைக்காரர்களுக்கு ஒன்று என்று திறந்தால் மூன்றாம் மாதம் பாதி அறைகளில் ஒட்டடைதான் இருக்கும். புதிதாக வருபவர் எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் நான்கிலும் ஒரே கேள்வியைப் போடுவார். வாரத்துக்குப் பத்துச் செய்திகூட வராத உள்குழுவை இரண்டு மாதத்தில் மூடிவிடுவது நல்லது. வேலையைப் பார்த்துப் பிரியுங்கள். ஆளைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று என்று பிரித்த குழு பிறகு ஒட்டுவதே இல்லை. பள்ளியும் வாடகையும் இரு தரப்புக்கும் பொது.

ஆறு வாரக் கணக்கு

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம், தைப்பூச வாரம், பெற்றோர் குழுவென்றால் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் செப்டம்பர் இறுதி, அக்டோபர்: இவற்றில் கை வைக்காதீர்கள். அப்போது எல்லாருக்கும் தகவல் அவசரம். இடம் மாறினால் கோபம் இரட்டிப்பாகும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் பள்ளி விடுமுறை முடியும் வரை வாகான காலம். ஜூலைக்கு முன் முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் தொடக்கநிலை ஒன்று பதிவு தொடங்கும் அந்த மாதத்தில்தான் பெற்றோர் குழுக்களுக்குள் புதியவர்கள் சரம்சரமாக வருவார்கள்.

முதல் வாரம் பேச்சு மட்டும். ஏன் மாறுகிறோம், எது மாறாது, எந்தத் தேதி: இந்த மூன்றும் கைப்பேசித் திரையில் ஒரே பார்வைக்குள் அடங்கும்படி எழுதுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, ஒன்றரை நிமிடக் குரல்செய்தியாக ஒன்று. குரல்செய்தியை விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளை அமைத்துக் கொடுத்த கைப்பேசியோடு குழுவில் இருக்கும் தாத்தா பாட்டிகளும், வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கைப்பேசியை எடுக்கும் ஊழியர்களும் நீண்ட எழுத்தைப் படிக்கமாட்டார்கள், கேட்பார்கள்.

கருத்துக் கேட்க வாக்கெடுப்பு வைக்கலாம். ஒரு வாக்கெடுப்பில் 12 தெரிவுகள் வரை போடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். “விற்பனைச் செய்திகளை நிறுத்தலாமா?” என்று கேட்டால், பக்கத்து புளோக்கில் இட்லி மாவு விற்கும் அக்காவை மனத்தில் வைத்துத்தான் எல்லாரும் கை தூக்குவார்கள். அந்த மாதிரிக் கேள்விக்குப் பெயர் தெரியாத படிவம்தான் சரி.

இரண்டாம் வாரம் ஒத்திகை. கம்யூனிட்டியை உருவாக்கி, பழைய குழுவை இணைக்காமல், பத்துத் தொண்டூழியர்களை மட்டும் ஓர் உள்குழுவில் சேர்த்து அவர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று படம் பிடித்து வாங்குங்கள். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இடங்கள் வேறு. விளக்கப் படம் இரண்டுக்கும் தனித்தனியே வேண்டும். உள்குழு சேர்க்கும் உரிமை யாருக்கு என்ற அமைப்பை இப்போதே சரிபாருங்கள். அது நிர்வாகிகளுக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். எல்லாருக்கும் திறந்திருந்தால் ஒரே வாரத்தில் யாரோ ஒருவர் தம் காப்புறுதி வியாபாரக் குழுவை உங்கள் கூரைக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்.

மூன்றாம் வாரம்தான் இணைப்பு. முதல்நாள் இரவு எட்டு மணிக்கு, “நாளை இதே நேரம் உங்கள் பட்டியலில் இந்தப் பெயர் தெரியும், நாங்கள்தான், பயப்பட வேண்டாம்” என்று படத்தோடு சொல்லிவிடுங்கள். இந்த ஒரு செய்தியைத் தவிர்ப்பதுதான் பெரும்பாலோர் வெளியேறக் காரணம். மோசடிச் செய்திகளுக்குப் பழகிப்போன சிங்கப்பூர்வாசி, தன்னைக் கேட்காமல் சேர்த்த குழுவைப் பார்த்ததும் முதலில் வெளியேறுவார், பிறகுதான் யோசிப்பார். அப்படிச் செய்வதே புத்திசாலித்தனம் என்றுதான் நாட்டில் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளியேறுபவர்களைப் பற்றிய தகவல் நிர்வாகிகளுக்கு மட்டும் வரும். 60 நாள்வரை முன்னாள் உறுப்பினர் பட்டியலிலும் பெயர் இருக்கும். அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். பயனுள்ள பதில் சொல்பவர்கள் அதில் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், திரும்பி வருவார்கள்.

குழுவில் பாதிக்குமேல் பேச்சு மூச்சே இல்லாதவர்கள் என்றால் இணைக்காமல், அழைப்பு இணைப்பை மட்டும் அனுப்பி விருப்பமுள்ளவர்களை வரவிடுவதே மேல். எண்ணிக்கை சரியும். சரியட்டும்.

நான்காம் வாரம் இரைச்சல் மிகுந்த குவியலுக்கு, பெரும்பாலும் விற்பனைக்கு, முதல் உள்குழு. ஐந்தாம் வாரம் இரண்டாவது. ஆறாம் வாரம் பழைய குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிடுங்கள். அழிக்காதீர்கள். புதுவீட்டில் பால் காய்ச்சியபின்னும் கொஞ்ச நாள் பழைய வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்போம் அல்லவா? அது மாதிரி, தேடிப் பார்க்கவாவது மூன்று மாதம் இருக்கட்டும். பூட்டாமல் விட்டால் நடப்பது ஒன்றே: பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே, ஒரே செய்தி இரண்டு இடத்தில். இரண்டு குழுவுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நிர்வாகிகளே முதலில் ஒதுங்குவார்கள்.

புதியவர்கள் வரும் வேகம்

இணைய விவாதக் குழுக்களின் முன்னோடியான யூஸ்நெட் காலத்தில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் புதிய மாணவர்கள் வருவார்கள். சில வாரம் குழப்பம், பிறகு வழக்கங்களைக் கற்றுக்கொள்வார்கள். 1993-94இல் ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களை ஒட்டுமொத்தமாக உள்ளே விட்டபோது அந்தக் குழப்பம் ஓயவே இல்லை. ‘முடியாத செப்டம்பர்’ என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வது அதைத்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, பழையவர்கள் சொல்லிக் கொடுக்கும் வேகத்தைவிட வேகமாக வந்தார்கள் என்பதுதான் அங்கே பிரச்சினை.

வாட்ஸ்அப்பில் இதற்குக் கைவசம் இருக்கும் ஒரே கருவி, புதியவரை நிர்வாகி ஒப்புக்கொண்டபின் சேர்க்கும் அமைப்பு. அதை இயக்கி, வருகிறவர்களை அவ்வப்போது சேர்க்காமல் புதன், ஞாயிறு என்று இரண்டு நாளில் தொகுதியாகச் சேருங்கள். ஒரு தொகுதியில் சேர்ப்பவர்கள், குழுவில் ஏற்கனவே இருக்கும் உறுப்பினரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சேர்த்த அரைமணி நேரத்தில் வரவேற்பும் விதிகளும். தனித்தனியாகச் சேர்த்தால் நாள் முழுவதும் வரவேற்பு, நாள் முழுவதும் கைகூப்பிய சின்னங்கள்.

புதியவருக்குப் பழைய உரையாடல் தானாகத் தெரிவதில்லை என்பதுதான் வாட்ஸ்அப்பின் ஆகப்பெரிய பலவீனம் என்பது எங்கள் கருத்து. விதிகளை ‘பின்’ (pin) செய்து, அதாவது உரையாடலின் உச்சியில் குத்தி வைத்தாலும் அதற்கு ஆயுள் அதிகபட்சம் 30 நாள்; பிறகு தானாக இறங்கிவிடும். மாதம் முதல் தேதி மறுபடி குத்தி வைக்க யாராவது ஒருவர் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்க வேண்டும். குழு விளக்கத்தில் எழுதலாம் என்றால், அங்கே தமிழுக்குச் சின்ன வஞ்சனை: நம் கண்ணுக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. ஆங்கிலத்தில் அடங்கும் விதிகள் தமிழில் நடுவில் அறுந்துபோகும். விளக்கத்தில் ஐந்து வரியும் ஓர் ஆவண இணைப்பும் போதும்.

தேடலும் கைகொடுக்காது. துணைப்பாட வகுப்பைப் பற்றி ஒருவர் ‘துணைப்பாடம்’ என்று எழுதியிருப்பார், ஒருவர் ‘டியூஷன்’ என்று, மூன்றாமவர் தமிழை ஆங்கில எழுத்தில், நான்காமவர் குரல்செய்தியில். எந்தச் சொல்லைத் தட்டினாலும் கால்வாசிதான் அகப்படும். அதனால்தான் கம்யூனிட்டிக்குப் பக்கத்துணையாகக் கூகல் ஆவணம் ஒன்று கட்டாயம். அடிக்கடி வரும் ஏழெட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிப் பதில், கடைசியாகச் சரிபார்த்த மாதம். அந்தக் கடைசி விவரம் இல்லாத பதில் ஆபத்தானது. வாடகை, வேலை அனுமதி, பள்ளிப் பதிவு விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடப் பழைய பதிலை நம்பி யாராவது முன்பணம் கட்டிவிடுவார்கள்.

டெலிகிராம் எங்கே மேல்?

இந்த இடத்தில் டெலிகிராம் தெளிவாக முந்துகிறது. ஒரே குழுவில் 200,000 பேர்வரை. பழைய உரையாடலைப் புதியவருக்குக் காட்டுவதா இல்லையா என்பதை நிர்வாகியே தேர்ந்தெடுக்கலாம். 2022 நவம்பரில் வந்த தலைப்புகள் வசதியால் குழுவைப் பல குழுவாக உடைக்காமல் உள்ளேயே பிரிக்கலாம். ஒருவர் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவே பத்து விநாடியிலிருந்து ஒரு மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மெதுநிலை இருக்கிறது. சச்சரவு மூண்ட இரவில் இதைவிட நல்ல கருவி கிடையாது: யாரையும் நீக்க வேண்டாம், திட்ட வேண்டாம்; ஐந்து நிமிட இடைவெளி வைத்தால் சூடு தானாக இறங்கும். வாட்ஸ்அப்பில் இதற்கு ஈடு, குழுவை முழுவதுமாகப் பூட்டுவது மட்டும்தான். வாக்கெடுப்பைப் பெயர் தெரியாமலும் நடத்தலாம். எண்ணை யாருக்கும் காட்டாமல் பயனர்பெயரோடு மட்டும் இருக்கலாம்.

அப்படியானால் ஏன் எல்லாரும் டெலிகிராமுக்குப் போகக்கூடாது? அம்மாக்களும் தாத்தாக்களும் வரமாட்டார்கள் என்பது முதல் காரணம். வேறு காரணமே வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் உறவுகளோடு பேசுவது வாட்ஸ்அப்பில் என்றால் இங்குள்ள குழுவும் அங்கேதான். தவிர, டெலிகிராமின் குழு உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய பாதுகாப்பு, கிடையாது, வாட்ஸ்அப்பில் உண்டு. வேலைவாய்ப்பு, முதலீட்டு மோசடிக்காரர்கள் டெலிகிராமில் கடை விரித்திருப்பதும் ஊரறிந்த செய்தி. பதின்ம வயதினரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் மட்டுமே உள்ள குழுவென்றால் டிஸ்கார்டு என்னும் அரட்டைச் செயலி இன்னும் பொருத்தம். பெற்றோரைச் சேர்க்க நினைத்தால் அந்த யோசனையை அப்போதே விட்டுவிடலாம்.

நடைமுறையில் பலிக்கும் கலவை இதுதான்: அறிவிப்பும் அன்றாடமும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியில், வாடகை விளம்பரம் மட்டும் டெலிகிராமில். எண் மறைந்திருப்பதும் பழைய விளம்பரங்களைத் தேட முடிவதும் அங்கே காசாகும்.

விதிகள்: இங்கே மட்டும் பொருந்துபவை

வாடகைக்கு முதலில் இதை எழுதுங்கள்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும், தனியார் வீட்டைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக்கூடாது. “பொங்கலுக்கு ஊரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வாரம் அறை” என்ற விளம்பரம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். முகவர் என்று சொல்பவர் பதிவு எண்ணைப் போட வேண்டும். சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அமைப்பான சிஇஏயின் பொதுப் பதிவேட்டில் அதை யாரும் சரிபார்க்கலாம். வீட்டைக் காட்டாமல், பேநவ் பணப்பரிமாற்றத்தில் முன்பணம் கேட்பவரின் செய்தி எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

நிதி திரட்டும் வேண்டுகோள்கள் நிர்வாகி ஒப்புதல் இல்லாமல் வேண்டாம். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்குள்ள பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை என்பது பலருக்கும் தெரியாது. நல்ல மனத்தோடு பகிர்ந்தவர்தான் பிறகு விளக்கம் சொல்ல நேரும்.

இனம், சமயம் பற்றிய கேலி சிங்கப்பூரில் வெறும் நாகரிகக் குறைவாக முடிவதில்லை. சட்டம் குறுக்கே வரும். 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த பொய்ச்செய்திச் சட்டமான பொஃப்மாவின் வரம்புக்குள் மூடிய உரையாடல் குழுக்களும் வரும். இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம் முக்கியம்: பிறர் போட்ட செய்தியை நிர்வாகி எல்லாருக்குமாக அழிக்கலாம், ஆனால் அனுப்பி ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள்தான். வெள்ளி இரவு வந்ததைத் திங்கள் மதியம் பார்த்தால் கதவு சாத்தியிருக்கும். அதனால் ஒவ்வோர் உள்குழுவுக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள், அதுவும் வேலை நேரம் மாறுபட்டவர்கள். ஒருவர் அலுவலகம், மற்றவர் இரவுப்பணி என்றால் மிகப் பொருத்தம்.

சந்தேகமான இணைப்பு வந்தால் விவாதிக்க வேண்டாம். மோசடியைச் சரிபார்க்கும் ஸ்கேம்ஷீல்டு செயலியில் போட்டுப் பார்க்கலாம், அல்லது அதன் உதவி எண்ணான 1799க்கு அழைக்கலாம். கூடவே ஒரு வரி: “எங்கள் நிர்வாகிகள் உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பிப் பணமோ குறியீட்டு எண்ணோ கேட்கமாட்டார்கள்.” குழு பெரிதானதும் நிர்வாகியின் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டு யாராவது கிளம்புவார்கள், அது நடக்குமா என்பது கேள்வியே அல்ல, எப்போது என்பதுதான்.

உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் பழக்கம் சில சங்கங்களில் இன்னும் இருக்கிறது. 2019 செப்டம்பர் முதலே தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகளின்படி, சட்டம் கேட்காத இடத்தில் அதைச் சேகரிக்கக்கூடாது. பெயரும் வட்டாரமும் போதும்.

அறிவிப்புக் குழுவைக் கெடுக்கும் வழி

அடிக்கடி எழுதுவது. வாரத்துக்கு மூன்று அறிவிப்பு என்று வரம்பு வையுங்கள். கோயில் விழா, தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரல், தீமிதித் தொண்டூழியம் போன்ற காலங்களில் ஐந்து. அதற்குமேல் போனால் மக்கள் மௌனத்தில் போட்டுவிடுவார்கள். பிறகு உண்மையான அவசரத்துக்கும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். சமூக மன்ற நிகழ்ச்சிக்கான அறிவிப்பை நான்கு நாள் முன்பும், அன்று காலையும், இரண்டே முறை. எழுத்துப்பிழையைத் திருத்த 15 நிமிடம் இருக்கிறது. நேரமோ இடமோ தவறிவிட்டால் அதற்குள் பார்த்துத் திருத்துங்கள், ‘திருத்தம்’ என்று இன்னொரு செய்தி போடாதீர்கள்.

நிர்வாகி மாறும்போது

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்பும் நிர்வாகி, சிங்கப்பூர் எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போவார். முன்கட்டண சிம் காலாவதியானால் அந்த எண் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். குழுவின் கடைசி நிர்வாகி வெளியேறினால் வாட்ஸ்அப் உறுப்பினரில் யாரோ ஒருவரை நிர்வாகியாக்கிவிடும். அவர் மூன்று மாதமாகக் குழுவைத் திறந்தே பார்க்காதவராகவும் இருக்கலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே புதிய நிர்வாகியை நியமித்து, இருவரும் சேர்ந்து நான்கு வாரம் பார்க்கட்டும். கூகல் ஆவணத்தின் உரிமையையும் மாற்றுங்கள். அதை மறந்துவிட்டுப் பிறகு சென்னைக்கு அழைத்துக் கெஞ்சுவதுதான் வழக்கமாக நடக்கிறது. எண்ணை மாற்றுபவர் அமைப்புகளில் உள்ள எண் மாற்றும் வசதியைப் பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். குழுக்கள் அப்படியே புது எண்ணுக்கு வரும். கடைசியாக, பழைய அழைப்பு இணைப்பை ரத்துசெய்து புதிதாக ஒன்று எடுங்கள். அந்தப் பழைய இணைப்பு இந்நேரம் எந்தெந்தக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ!